புதுக் கேமராவில் ஒட்டியிருந்த அட்சதை

பெட்டியைக் கடையிலேயே பிரித்துப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கல்யாணப் படம் எடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாருக்காவது அவசர வேலை இருந்தால் இந்த ஒரு வரியோடு கிளம்பிப் போகலாம். இருப்பவர்களுக்கு, அந்த வரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டியதும் என் வலது தோள்பட்டை, இனிமேல் உன்னோடு கல்யாணங்களுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டது. கேமராவை இறக்கி வைத்தேன். ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. படம் எடுத்த கை, பேனா கிடைத்ததும் அதையும் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறது.

சேந்தமங்கலத்தில் எங்கள் ஸ்டூடியோ. எங்கள் என்றால் நானும் என் மனைவி மல்லிகாவும். நான் படம் எடுப்பேன், அவள் லைட் பிடிப்பாள். லைட்டைவிட என்னைத்தான் அதிகம் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். கீழே கல்யாணமென்றால் எங்கள் தெருவிலேயே நாலு போட்டோக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். மேலே, கொல்லிமலைக் கல்யாணமென்றால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். வளைவு வளைவாக ஏறும் ரோட்டில் ஸ்கூட்டரில், பின்னால் லைட் ஸ்டாண்டை வேல் போலப் பிடித்துக்கொண்டு மல்லிகா உட்கார்ந்து வருவதைப் பார்த்து லாரிக்காரர்கள் வழிவிடுவார்கள்.

அந்த வருடம் நான் ஒரு பெரிய கேமரா வாங்கினேன். பழைய கேமராவைக் கடையில் கொடுத்து, மல்லிகாவின் வளையலையும் கொடுத்து வாங்கியது. நாமக்கல்லில் பெரிய கடை. பெட்டியை மேசை மேல் வைத்த கடைக்காரர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"பிரிச்சுப் பாத்துக்கங்கண்ணா. ஒருக்கா கையில புடிச்சுப் பாருங்க" என்றார்.

"இங்க வேண்டாங்க" என்றேன். "சாமி முன்னாலதான் பிரிப்பேன்."

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரியும். புது லாரிக்கு எலுமிச்சம்பழம் மாதிரி, புதுக் கேமராவுக்குக் கோயில். முதல் படம் சாமி, இரண்டாவது படம் மணப்பெண். அதற்கு முன்னால் அந்தக் கண்ணாடி வேறெதையும் பார்த்திருக்கக் கூடாது. பில் போடும் மேசை, ஓடுகிற மின்விசிறி, கடைப் பையனின் கொட்டாவி எதுவும் அதற்குள் போகக் கூடாது. இதை நான் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்பாமல் இருக்கத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே பெட்டியை மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். பில்லின் அடியில், உபயோகப்படுத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று அச்சடித்திருந்தது. உபயோகப்படுத்தப் போகிறவன் அதையெல்லாம் எங்கே படிக்கிறான்?

கல்யாணம் கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில். மணப்பெண் பெயர் செல்வி. தாய்மாமன் செங்கோடன், மிளகும் மரவள்ளியும் போடுகிற விவசாயி, முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தினார். காரணம், பெண்ணின் அம்மா அங்கே இல்லை. கிழங்கு மூட்டையோடு சரிவில் வழுக்கி, கால் எலும்பு முறிந்து, நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நாளைத் தள்ளலாம் என்றதற்கு அந்த அம்மா படுக்கையிலிருந்தே சத்தம் போட்டாராம். காலுதான் ஒடைஞ்சிருக்கு, கண்ணாலம் எதுக்கு ஒடையோணும் என்று. அதனால் கல்யாணம் நடந்தது. அதனால்தான் படங்களும் வேண்டியிருந்தன.

மலைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனி இன்னும் சில்வர் ஓக் மரங்களின் இடுப்பில் நின்றது. மிளகுக் கொடிகள் சொட்டிக்கொண்டிருந்தன. ஊர் மாரியம்மன் கோயிலில் மல்லிகா சூடம் ஏற்றினாள். நான் பெட்டியைப் பிரித்தேன். கறுப்பாக, கனமாக, எருமைக் கன்று மாதிரி கையில் வந்து படுத்தது. சந்தனம் வைத்தேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்து, துளை வழியாக அம்மனைப் பார்த்தேன்.

அம்மன் மங்கலாகத் தெரிந்தாள்.

சூடப் புகை என்று நினைத்தேன். துடைத்தேன். மங்கல். லென்ஸைத் திருகினேன். மங்கல். தம்பிகளே, இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு ஒரே ஒரு பயம்தான் உண்டு, அதை யாரிடமும் சொல்ல மாட்டான். நானும் சொல்லவில்லை. கேமராவை மல்லிகாவிடம் நீட்டினேன்.

"அம்மன் தெரியறாளா பாரு."

"ஏனுங்க, தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு."

அந்த நிமிடம் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. போனது என் கண் இல்லை! அப்புறம்தான் யோசித்தேன். கண் வைக்கிற துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதற்காக, அவரவர் பார்வைக்குத் தகுந்தபடி திருப்பிக்கொள்வது. புதுக் கேமராவில் அது நடுவில் நிற்க வேண்டும். இதில் ஒரு கோடிக்குப் போய் நின்றது. திருப்பினேன். அம்மன் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வந்தாள், மூக்குத்தி வரைக்கும் துல்லியமாக.

சந்தோஷமாக முதல் படத்தை எடுத்தேன். திரையில் படத்துக்குக் கீழே அதன் எண் வந்தது. ஒன்று என்று வர வேண்டிய இடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் என்று வந்தது.

எனக்கு முன்னால் இதற்குள் வேறொரு கண் குடியிருந்திருக்கிறது.

மல்லிகாவிடம் சொன்னேன். அவள் அம்மனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சாமி முன்னால பிரிக்கோணும்னு நின்னீங்கல்ல, அதான் சாமியே காட்டிக் குடுத்துருச்சு" என்றாள்.

பந்தலுக்குப் போனோம். கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் தடம் இருக்கிறதே, அதில் ஃபிளாஷைச் செருகினால் பாதியில் நின்றது. மல்லிகா தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, தடத்துக்குள் விட்டு நெம்பினாள். அவள் உள்ளங்கையில் ஏதோ விழுந்தது. ஓர் அரிசி. மஞ்சள் பூசிய, நுனி உடைந்த, காய்ந்துபோன அட்சதை அரிசி.

தாலி கட்ட இன்னும் நேரமிருந்தது. பந்தலில் யாரும் ஒரு மணி அட்சதைகூடப் போட்டிருக்கவில்லை. என் கேமரா மட்டும் எங்கேயோ ஒரு கல்யாணத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தது.

மல்லிகா அந்த அரிசியைப் பத்திரமாக முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. செல்போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த ஊரில் சிக்னல் கிடைக்குமென்றால் கிழக்கே உள்ள பாறை மேல்தான் கிடைக்கும் என்றார்கள். ஏறினேன். கடைக்காரரைக் கேட்க வேண்டிய வார்த்தைகளை ஏறும்போதே அடுக்கி வைத்துக்கொண்டேன். எல்லாம் நல்ல காரமான வார்த்தைகள், திருடன் என்பதுதான் அதில் இருப்பதிலேயே சாது. பாறை மேல் நின்று போனை வானத்துக்கு நீட்டினேன். ஒரு கோடுகூட வரவில்லை. கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனி, எனக்கென்ன என்று படுத்திருந்தது.

செங்கோடன் கீழே வந்து நின்றார். தலைப்பாகை சரிந்திருந்தது.

"ஏனுங்க போட்டோக்காரரே, அங்க நின்னுக்கிட்டு யாருக்கு டாட்டா காட்டறீங்க? மாப்பிள்ளை வந்தாச்சுங்க!"

இறங்கி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேமராவை ஒரு முறை சுற்றிப் பார்த்தார், சந்தையில் மாட்டைப் பார்ப்பது போல.

"படம் உழுகுதுங்களா?"

"உழுகுதுங்க."

"அப்பறமென்னங்க?"

"இதுல கல்யாணம் எடுத்துட்டா, நீதான் எடுத்துப் பழசாக்கிட்டேன்னு சொல்லி அவன் திரும்ப வாங்க மாட்டானுங்க. இப்பவே மூடிப் பெட்டியில வெச்சாத்தான் எனக்குப் பேச முடியும். என்ற பழைய கேமராவும் அவன்கிட்டப் போயிருச்சு."

செங்கோடன் கொஞ்ச நேரம் தலைப்பாகையைச் சரிசெய்தார். பிறகு சொன்னார்: "உங்க பொருளு, உங்க இஷ்டமுங்க. நாங்க செல்போன்ல எடுத்துக்கறோம். ஆனா செல்விக் கண்ணுகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. எனக்கு அந்தத் தகிரியம் இல்லீங்க."

இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒருவனை யாரும் மாட்டிவிட முடியாது.

போனேன். செல்வி உள் அறையில் ஜடை நிறையப் பூவோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். "சார், வந்துட்டீங்களா? ஆல்பம் எப்ப வேண்ணாலும் போடுங்க. ஆனா இன்னைக்கே எங்கம்மாவுக்கு ஒருக்காக் காட்டிருங்க சார். செல்போன்ல எடுத்ததைக் காட்டுனா மூஞ்சியே தெரியலம்பாங்க. பெருசு பண்ணிக் காட்டோணும், எங்கம்மாவுக்கு எல்லாத்தையும் பெருசு பண்ணிப் பாக்கோணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைப் படம் எடுத்துவிட்டேன். கை எடுத்துவிட்டது. யோசிக்க வேண்டியதை விரல் முடித்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சந்தேகப்பட்ட கேமராவை நான் நம்பவில்லை, சந்தேகத்தோடேயே வேலை வாங்கினேன். இரண்டு மெமரி கார்டிலும் ஒரே படம் விழும்படி வைத்தேன். மல்லிகா ஒரு கையில் லைட்டும் ஒரு கையில் செல்போனுமாக நின்றாள். ஒவ்வொரு சடங்கு முடிந்ததும் திரையைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கோபத்தை மட்டும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். கோபக்காரன் கை நடுங்கும். நடுங்கிய படத்தில் தாலி கயிறாக இருக்காது, புகையாக இருக்கும்.

மேளம் உச்சத்துக்குப் போனது. செங்கோடன் கொடுத்த தட்டு கை மாறி கை மாறிப் போய், எல்லோருடைய விரல்களும் உயர்ந்தன. மாப்பிள்ளை குனிந்தான். செல்வியின் மேல் மஞ்சளாக எதுவோ பெய்தது, பூ உதிர்க்கும் மகரந்தம் போல. அவள் கண்ணை மூடவில்லை. நேராக என் லென்ஸைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

சாப்பிட்டதும் கிளம்பினோம். அம்மாவுக்கு என்று செங்கோடன் ஒரு போசி நிறையப் பாயசம் கொடுத்தார். வளைவுகளில் பாயசம் சிந்தாமல் இறங்குவதற்குள் மல்லிகா என்னைத் திட்டியதையெல்லாம் எழுதினால் தனிப் புத்தகமாகும்.

கடைக்கு முதலில் போவதா, ஆஸ்பத்திரிக்கா? நாமக்கல் வந்ததும் என் கை தானாகக் கடைப்பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து மல்லிகா என் தோளைத் தட்டினாள். "பாயசம் ஆறுதுங்க" என்றாள். ஆஸ்பத்திரிக்கே போனோம்.

அந்த அம்மா காலில் கட்டோடு சுவரில் சாய்ந்திருந்தார். கேமராவின் திரையை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, தாலி கட்டும் படத்தைப் பெரிதாக்கினேன். அவர் அழவில்லை. வேலை பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். "மாப்பிள்ளை வேட்டி கட்டத் தெரியாதவனாட்ட இருக்குது" என்றார். "என்ற புள்ள மூக்கு இவ்வளவு அழகா?" என்றார். பிறகு திரைக்குக் கிட்டே வந்து, "அட, சாமையையா போட்டாங்க?" என்று சிரிக்கத் தொடங்கினார்.

"என்னதுங்க?"

"அட்சதைங்க. அரிசியா இருந்தா நெத்தியில பட்டுத் தெறிச்சுரும். இது பாருங்க, பொடிசு பொடிசா முடியோட ஒட்டிக்கிட்டுக் கெடக்குது. எங்கண்ணன் சொல்லிட்டே இருந்தான், கடையில வாங்குன அரிசியை என்ற மருமக தலையில போட மாட்டேன், காட்டுல வெளைஞ்ச சாமையில மஞ்சத்தூளைப் போட்டுப் பெரட்டித்தான் போடுவேன்னு. சொன்னபடியே பண்ணிப்போட்டான் பாருங்க!"

இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம். செல்வியின் வகிட்டில், புருவத்தில், ஜடைப் பூவில் எல்லாம் மணி மணியாகச் சாமை. ஓர் அரிசிகூட இல்லை. அட்சதை விழுந்ததிலிருந்து அதைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தவன் நான். முகங்களைப் பார்த்தேன், தானியத்தைப் பார்க்கவில்லை.

மல்லிகாவின் கை மெதுவாக முந்தானை முடிச்சுக்குப் போனது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அம்மா, "ஏஞ்சாமி, ரெண்டு பேரும் இப்பிடி முழிக்கறீங்க, பாயசம் குடிங்க" என்றார். குடித்தோம்.

கடையில் கூட்டம் இருந்தது. பாறை மேல் அடுக்கிய வார்த்தைகள் வளைவுகளில் எங்கேயோ சிந்தியிருந்தன. மிச்சமிருந்தது கேமராவும் ஓர் அரிசியும்தான். இரண்டையும் மேசை மேல் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

"நம்பர் அப்பிடி வரலாங்கண்ணா" என்றார் கடைக்காரர். "கம்பெனியில டெஸ்ட் பண்ணி அனுப்புவாங்க."

"நாலாயிரம் படம் எடுத்தா டெஸ்ட் பண்ணுவாங்க?"

"அந்தச் சக்கரம் நீங்களே கைதவறித் திருப்பியிருப்பீங்க. அரிசி... அண்ணா, தப்பா நெனைக்காதீங்க, கல்யாணம் எடுத்துட்டு நேரா வாரீங்க. அட்சதை ஒட்டாம எப்பிடி இருக்கும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் கடைக்காரனாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். கேமராவை எடுத்து, செல்வியின் படத்தைப் பெரிதாக்கி, அவர் பக்கம் திருப்பினேன்.

"இந்தப் பொண்ணு தலையில ஒரே ஒரு அரிசி காட்டுங்க. நான் இந்தக் கேமராவையே தூக்கிக்கிட்டு ஊட்டுக்குப் போயிடறேன்."

அவர் பார்த்தார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சாமான் வாங்க வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். "அட, சாமைங்க இது" என்றார் ஒருவர். "எங்க ஊட்டுல கஞ்சி வெப்போம்." கடைக்காரர் அரிசியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. உள்ளே திரும்பி, "குமாரு, இங்க வா. இந்தப் பீஸைக் கொஞ்சம் செக் பண்ணு" என்றார்.

அவருடைய தம்பி வந்தான். சோடாப் புட்டிக் கண்ணாடி. கேமராவைக் கையில் வாங்கியவன், கண்ணாடியை நெற்றி மேல் ஏற்றிக்கொண்டு, துளையில் கண்ணை வைத்தான்.

"மங்கலா இருக்குதே" என்றான்.

சொல்லிக்கொண்டே, யாரையும் கேட்காமல், எங்கும் தேடாமல், அவன் கட்டைவிரல் நேராக அந்தச் சின்னச் சக்கரத்துக்குப் போய், அதைக் கோடி வரைக்கும் திருப்பியது. காலையில் நான் பார்த்த அதே கோடி.

"இப்பத் தெளிவா இருக்குதுண்ணா" என்றான் சந்தோஷமாக.

கண்ணைத் துளையிலிருந்து எடுத்தபோதுதான், எல்லோரும் தன்னையே பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது.

"டேய்" என்றார் அண்ணன், மிக மெதுவாக. "யார் கண்ணாலத்துக்குடா இதை எடுத்துட்டுப் போன?"

"மச்சினிச்சி கண்ணாலத்துக்குண்ணா. ஒரு நாளுதாண்ணா. தொடைச்சு, பழையபடியே பெட்டியில வெச்சுட்டேன்."

"நாலாயிரம் படமாடா?"

"சொந்தம் பெருசுண்ணா."

முதலில் சிரித்தது மல்லிகாதான். அப்புறம் கடை முழுக்கச் சிரித்தது. கடைக்காரர் மட்டும் சிரிக்காமல் உள்ளே போய் இன்னொரு பெட்டியைத் தூக்கிவந்தார். "மன்னிச்சுக்கங்கண்ணா" என்றார். அந்தப் பாறை மேல் சிக்னல் கிடைத்திருந்தால் ஒன்றும் அறியாத இந்த மனிதரைத் திருடன் என்று சொல்லியிருப்பேன். அப்புறம் எந்த முகத்தோடு இந்தப் பெட்டியை நீட்டியிருப்பார்? என் நிதானத்தால்தான் தப்பித்தேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். உண்மையில் செல்போன் கோபுரம் இல்லாததால்தான் தப்பித்தேன். கோபுரம் இருக்கிற ஊரில் வேலை செய்யும் நீங்கள் அந்தப் பாறையை மனதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். போன் போடுவதற்கு முன்னால் ஒரு முறை ஏறி இறங்குங்கள்.

கார்டுகளை உருவிக்கொண்டு அந்த அட்சதைக் கேமராவைத் தள்ளி வைத்தபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கொஞ்சம் வலித்தது. ஓர் அம்மாவுக்குக் கல்யாணம் காட்டிய பெட்டி அது. "இனி இதை நீயே வெச்சுக்க, சம்பளத்துல புடிச்சுக்கறேன்" என்று கடைக்காரர் தம்பியிடம் சொன்னார். அவன் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்த்தால் அது தண்டனையாகத் தெரியவில்லை.

புதுப் பெட்டியைக் கையில் எடுத்தேன்.

"கோயிலுக்குப் போலாங்களா?" என்று கேட்டாள் மல்லிகா, முகத்தை மிகவும் பணிவாக வைத்துக்கொண்டு.

அங்கேயே பிரித்தேன். பில் மேசை மேலேயே. சக்கரம் நடுவில் நின்றது. கண்ணை வைத்து என் பார்வைக்குத் திருப்பினேன். தெளிவாகத் தெரிந்த முதல் காட்சி, ஓடுகிற மின்விசிறிக்குக் கீழே அண்ணன் தம்பியின் காதைத் திருகிக்கொண்டிருந்தது. அமுக்கினேன். எண் ஒன்று.

பிற்பாடு அந்தக் கேமரா என் தோள்பட்டை ஓயும் வரைக்கும் ஒரு நாளும் என்னைக் கைவிடவில்லை. முதல் படத்தை நான் கடைக்காரருக்கு அனுப்பினேன், வம்புக்குத்தான். அவர் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: பெட்டியைப் பிரித்துப் பார்த்து வாங்கவும்.

அந்தப் பக்கம் போனால் பாருங்கள். தம்பியின் கண்ணாடி படத்திலும் நெற்றி மேல்தான் இருக்கும்.